விரல் ரேகைக்கு ஆட்சேபணை சொன்ன ஆன்டிவைரஸ்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சங்கரன்கோவில் வட்டாரத்து ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொரு முறை அதன் முன் உட்கார்ந்து, கைரேகைக் கருவியில் விரலை வைத்து, தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிப்பார்கள். நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் குற்றத்துக்காக என்னைச் செயலாளராக்கி இந்த வேலையைத் தலையில் கட்டினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியிருந்தது. சொந்த வீட்டுக்கு வாங்குகிறவன் முதலில் இலவசமாகக் கொஞ்ச நாள் போட்டுப் பார்ப்பான். தன் வேலைக்கு வேண்டிய மென்பொருளை எல்லாம் ஓட்டி, நல்லதைக் கள்ளன் என்று பிடிக்கிறதா என்று கவனிப்பான். நாங்களோ முன்னாள் அரசு ஊழியர்கள். மூன்று விலைப்புள்ளி வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போட்டோம். அதில் தவறான எச்சரிக்கைகளுக்கென்று நான் ஒரு பத்தி வரைந்தேன். தலைவர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

“குறைஞ்ச ரேட்ட விட்டுட்டு வேற எதையாவது எடுத்தா, ஆடிட்ல யாருவே பதில் சொல்லது?”

எங்கள் சங்கத்துக்கு ஆடிட் வந்ததே கிடையாது. இருந்தும் குறைந்த விலைக்காரனே ஜெயித்தான். போதாக்குறைக்கு, எவரும் அமைப்புகளை மாற்றிவிடக் கூடாதென்று தலைவர் அதற்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசி, சனிக்கிழமை. கருவூலம் பூட்டிக் கிடந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஆட்டோவில் வந்து இறங்கினார். படுத்த படுக்கையாக இருக்கும் தங்கையை அன்று காலைதான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதனால்தான் கடைசி நாள்வரை வர முடியவில்லை. அன்று பதிவாகாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். நின்றதை மறுபடி நகர்த்த எத்தனை மேசை ஏற வேண்டும் என்பது, அந்த மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். தங்கையின் மருந்துக்கு அந்த ஓய்வூதியத்தை விட்டால் வேறு வழியில்லை.

சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல். பல தடவை மறுத்துவிட்டு, கருவி ஒருவழியாக ரேகையை ஏற்றுக்கொண்டது. அந்த நொடியில் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது. கருவியை இயக்கும் மென்பொருள் ஆபத்தானதாம். பிடித்துத் தனிமையில் அடைத்துவிட்டதாம். கருவியின் விளக்கு அணைந்தது.

உடனே விடுவித்துவிட நான் முட்டாளில்லை. அதே மென்பொருளைக் கருவிக் கம்பெனியின் தளத்திலிருந்து போனில் இறக்கி, பல ஆன்டிவைரஸ்கள் சேர்ந்து பரிசோதிக்கும் இணையதளத்தில் ஏற்றினேன். எங்களுடையதைத் தவிர ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. கருவி செய்த கம்பெனியைக் கூப்பிட்டேன். அந்த ஆன்டிவைரஸ் செய்கிற வழக்கமான கூத்துதான், பிடிக்கக் கூடாதவற்றின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று அலுப்போடு சொன்னார்கள். சேர்க்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது.

தலைவர் புளியங்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, செயற்குழு முடிவில் வாங்கியதைச் செயற்குழுத் தீர்மானம் இல்லாமல் மாற்ற முடியாது என்றார். நான் பல்லைக் கடித்தேன். நானே எழுதிய விதி அது.

பொருளாளர் ஓரமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். டீச்சரும் செயற்குழு உறுப்பினர்தான், ஆனால் ஒரு கூட்டத்துக்கும் வந்தவர் இல்லை. என்னோடு மூன்று பேர். அவசரக் கூட்டத்துக்கு அது போதும். தீர்மானத்தை நான் எழுதத் தொடங்கியபோது தலைவர் இன்னும் தொடர்பில் இருந்த போனை டீச்சர் என்னிடமிருந்து வாங்கினார்.

“நான் முன்மொழியுதேன். பொருளாளர் வழிமொழியுதார். என் தங்கச்சிக்குச் சாயங்கால மருந்து கொடுக்கணும், அண்ணாச்சி. நீரு பாயசத்தக் குடிச்சிட்டுச் சொல்லுவீரோ, இல்ல இப்பமே சொல்லுவீரோ?”

பந்திச் சத்தத்துக்கு நடுவே தலைவர் பாஸ்வேர்டைச் சொன்னார். சங்கத்தின் பெயரும் அது தொடங்கிய ஆண்டும். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பியிருந்தார்.

மென்பொருளை விடுவித்து விலக்குப் பட்டியலில் ஏற்றினேன். விளக்கு எரிந்தது. டீச்சர் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். இந்த முறை முதல் தடவையிலேயே ஏற்றது. சான்று பதிவாகிவிட்டதென்று அவருடைய போனுக்குச் செய்தி வந்ததும், அதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட மறந்து ஆட்டோவில் ஏறினார். நான் கூப்பிடவில்லை.