தலைவரின் நிறம்

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், ஆடி பிறந்துவிட்டால் காலண்டர் சீசன். கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. தலைவர்கள் படம் என்றால் முகத்தை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கிவிடுவோம். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார்; நானும் செய்தேன்.

போன வருடம் ஒரு ஜவுளிக்கடைக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடவைத்த தலைவரின் படத்தைக் கேட்டு ஆர்டர் கொடுத்தார். வழக்கம்போல முகத்தை வெளுப்பாக்கி ஒரு மாதிரித் தாள் எடுத்தேன். அம்மா அப்போது கண்புரை ஆபரேஷன் முடிந்து என் வீட்டில் இருந்தாள். கலரெல்லாம் நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கலாமே என அந்தத் தாளைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அம்மா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“யாருத்தா இது?”

“தெரியலையா?”

“சாடை அவுகளாட்டந்தான் இருக்கு. ஆனா அவுக இம்புட்டு வெளுப்பா எப்ப ஆனாக?”

நான் சிரித்தேன். “ஆர்டர் குடுக்கிற பார்ட்டிக அப்படித்தான் கேப்பாகம்மா.”

அம்மா சிரிக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். வெம்பக்கோட்டைப் பக்கம் அவள் படித்த பள்ளியில் பிள்ளைகள் அவளைக் கருவாச்சி என்றுதான் கூப்பிடுவார்களாம். சோற்றுக்காகத்தான் பள்ளிக்கே போனாள். அங்கே சுவரில் ஒரு பெயிண்டர் தலைவரின் படத்தை வரைந்திருந்தார்.

“ஒருநா தட்டக் களுவிட்டு வந்து, யாரும் பாக்காதப்ப அந்தப் படத்துக்குப் பக்கத்துல என் கைய வச்சுப் பாத்தேன். ஒண்ணுபோல இருந்துச்சுத்தா. நமக்குச் சோறு போடுறவுகளே நம்ம நிறந்தான்னு அம்புட்டுச் சந்தோசம். பெறகு எவ கருவாச்சின்னு கூப்பிட்டாலும் அளுக வரல.”

அஞ்சாம் வகுப்பு வரை படித்தாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

அம்மா மறுபடி தொடங்கினாள். குரல் இறங்கியிருந்தது.

“ஒன் கல்யாணத்துக்கு மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புன போட்டோவ வெளுப்பாக்கச் சொன்னது நாந்தான். ஸ்டுடியோக்காரர் தானாச் செஞ்சதா ஒங்கிட்டப் பொய் சொன்னேன். பயந்துட்டேன்த்தா.”

அந்தப் போட்டோவில் யாரோ ஒருத்தி இருப்பதாகத்தான் எனக்கு எப்போதும் தோன்றும். அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரமாகியிருந்தது. அவள் தலையைப் பிடித்து நிமிர்த்தி மருந்து விட்டேன். வழிந்ததில் மருந்து எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை. துடைத்துவிட்டு, அவள் கன்னத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன்.

மறுநாள் தலைவரின் பழைய கலர் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்த நிறத்தையே முகத்துக்குக் கொண்டுவந்தேன். புதிதாக ஒரு மாதிரித் தாள் எடுத்து முதலாளியிடம் காட்டினேன். “பார்ட்டிக்குப் பிடிச்சா போட்டுக்கோம்மா” என்றார்.

ஜவுளிக்கடைக்காரர் வந்தபோது இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன்.

“இது அச்சுல கறுத்துப்போச்சா?” என்றார்.

“இல்லண்ணாச்சி. இதுதான் அவுக நிறம்.”

வெகுநேரம் பார்த்தார். “வாஸ்தவந்தான். ஆனா வீட்டுல மாட்டுறவுக பளிச்சுன்னு இருந்தாத்தான் மாட்டுவாக” என்று சொல்லி, வெளுத்த படத்திலேயே கையெழுத்துப் போட்டார். அவ்வளவு காலண்டரும் அப்படியே அச்சாகி லோடு ஏறிப் போயின. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மற்றத் தாளை அம்மாவிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். “போகட்டும் விடு. நீ சொல்லிப் பாத்தேல்ல” என்றவள், ஊருக்குப் போகும்போது அதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

இந்தச் சீசனில் தலைவர் படம் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் எடுத்து வைக்கிறேன். பெரும்பாலும் வெளுத்ததைத்தான் எடுக்கிறார்கள். போன வாரம் ஒரு விதைக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தம்மா முந்திக்கொண்டு மற்றதைத் தொட்டுக் காட்டி, “இதப் போடுங்க” என்றார். நான் அவர்களுக்கு டீ சொன்னேன்.