வெள்ளைக் கிரேயான்

போன வருஷம் பங்குனி வெயிலில் நடந்தது இது. வாலிநோக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். எனக்குப் பிறந்த ஊர் அபிராமம் பக்கம். வயக்காட்டைப் பார்த்தே வளர்ந்தவள். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை என்பதால் இங்கே வந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. எங்கள் தெருவிலேயே உள்ள அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அங்கே புதிதாக வந்த டீச்சர், பிள்ளைகளிடம் தாளும் கிரேயானும் கொடுத்து, இஷ்டத்துக்கு வரையச் சொல்வார். மற்ற பிள்ளைகள் மீன், படகு, பூ என்று கலர் கலராக வீட்டுக்குக் கொண்டுபோகும். என் மகள் கொண்டுவந்தது வெறும் தாள். அவள் வரையவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தடவிப் பார்த்தால் மெழுகு வழுவழுத்தது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் கிறுக்கியிருக்கிறாள். ஒருநாள் என்றால் பரவாயில்லை, தினமும் இதே கதை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணில் கோளாறோ என்று ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டர் காட்டிய கலரையெல்லாம் அவள் டக்டக்கென்று சொன்னாள். ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். நிம்மதி வருவதற்குப் பதில் குழப்பம்தான் கூடியது. கலர் நன்றாகவே தெரிகிறது, அப்புறம் ஏன்?

டீச்சரிடம் போய், வேறு கலர் கொடுத்துப் பழக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எல்லாக் கலரும் அவ முன்னாடிதான்க்கா கெடக்கு. அவளாத்தான் வெள்ளைய எடுக்குறா. தனக்குள்ளயே என்னமோ பேசிக்கிட்டு வரையுறா. நான் எப்படிப் புடுங்குறது?"

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கேட்டால், தனக்கும் தெரியவில்லை என்றார். டீச்சருக்கே தெரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரில் ஓர் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்கக் கூட்டிப்போனோம். அங்கே ஆப்பிள் படம் போட்ட தாளைக் கொடுத்துக் கலர் அடிக்கச் சொன்னார்கள். இவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, வெள்ளையால் ரொம்பக் கவனமாகத் தேய்த்துக் கொடுத்தாள். அங்கிருந்த டீச்சரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். பஸ்ஸில் என் மடியில் தூங்கிய பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், நீயாக எதையாவது நினைக்காதே என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல வரைந்துகொண்டிருந்தாள். வாளியை நகர்த்தும்போது என் கால் பட்டு, திறந்திருந்த சொட்டு நீல பாட்டில் அவள் தாள்மேல் சாய்ந்துவிட்டது. பதறிப்போய் ஈரத்துணியால் ஒற்றினேன். நீலம் தாள் முழுக்கப் பரவியது. ஆனால் கிரேயான் பட்ட இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. என் கண் முன்னாலேயே வெள்ளைக் கோடுகள் எழுந்து வந்தன. சின்னதும் பெரிதுமாக உப்புக் குவியல்கள். நடுவில் உருண்டைத் தலையோடு, நீளக் கழியால் உப்பு வாரும் ஓர் ஆள். அவர் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு.

"ஏத்தா, இதெல்லாம் ஒன் கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"நான்தானம்மா வரைஞ்சேன்."

தூக்கிப்போட மனசு வராமல் சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களை உள்ளே ஓடிப்போய் அள்ளி வந்தேன். எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போல் இருந்தது. பாட்டிலின் அடியில் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. முதல் தாளை விரித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. அது நல்லாத்தான இருக்கு."

அவள் அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. கையை மட்டும் விடவில்லை. நான் பாட்டிலை மூடிவைத்தேன்.

இந்த வருஷம் அவள் எல்லாக் கலரிலும் வரைகிறாள். வெள்ளையை ஏன் பிடித்தாள், ஏன் விட்டாள், இரண்டுமே எனக்குப் புரியவில்லை. அந்த வெறும் தாள்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்கும்போது, என் மகள் வரைந்த படம் என்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாதுதான்; பெற்ற பிள்ளையைப் பற்றித் தெரியாதது இத்தனை இருக்கிறதே என்று முன்பெல்லாம் பயப்படுவேன், இப்போது அந்தத் தாள்களைப் பார்க்கும்போது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் கூட இருக்க வேண்டும் என்பதில்லை என்று தோன்றுகிறது.