மல்ட்டிமீடியாவுல ஏறின முறுக்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நான் வாயால சொல்றேன், மருமக பக்கத்துல உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கா. அவளப் பத்தியும் சொல்லப்போறேன்னதும் மூஞ்சிய இப்பவே தூக்கி வச்சிருக்கா. விடாம எழுதுடி.

பிலிமத்தலாவையில நாங்க பொம்பளைங்க சேந்து ஒரு சங்கம் வச்சிருக்கோம். முறுக்கு சுடுறோம். மருமகதான் செயலாளர். நான் மாவு பிசையுற ஆளு, வயசுல மூத்தவங்கிறதால தலைவின்னும் ஒரு பேரு குடுத்திருக்காங்க. சுட்ட முறுக்க மருமக கண்டி ரோட்டோரத்துல பெரிய குடை ஒண்ண விரிச்சு வச்சு விப்பா. வெயிலுக்குக் குடை போதும். மழைன்னா எங்க பக்கம் எப்பிடிப் பெய்யும்னு தெரியுந்தானே. லேசா சாரல் பட்டாப் போதும், அம்புட்டும் நமுத்துப்போயிரும். நமுத்தத யாரு தலையில கட்டுறது? எங்க வீட்டுக்காரரு தலையிலதான். காலையில டீயோட முறுக்கு, அந்தியில டீயோட முறுக்கு. கடைசியில தட்டப் பாத்தாலே மனுசன் எந்திரிச்சு வெளிய போயிருவாரு.

அப்பத்தான் பல்லேகலையில கூரை போட்ட சந்தை ஒண்ணு தொடங்கப்போறாங்கன்னு தகவல் வந்துச்சு. கடைக்கு எடம் வேணும்னா நேர்ல வந்து, நம்ம சாமானப் பத்தி ஸ்லைட் போட்டுப் பேசணுமாம்.

"முறுக்க வாயில போட்டா அதுவே பேசுமே, எதுக்குடி படம்?"னு கேட்டேன்.

"அத்தே, இப்ப எல்லாத்துக்கும் ஸ்லைட்தான். நீங்க சும்மா இருங்க"ன்னா. அந்தக் கூரைக்காக அவ சாமி கும்புட்டதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அதனால சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம்.

அவ தம்பிக்கிட்ட லேப்டாப்ப வாங்கியாந்து, மாவு வாளி மேல வச்சு எனக்கும் அவங்க அம்மாவுக்கும் பேசிக் காட்டுனா. அவங்க அம்மான்னா எனக்குச் சம்பந்தி, அவங்களும் சங்கத்துலதான் இருக்காங்க. மேல தமிழு, கீழ சிங்களம், நடுவுல ஒரு வெரல் வைக்க எடமில்ல. சீனிய எறும்பு மொய்ச்ச மாதிரி இருந்துச்சு. அதுலயும் ஒவ்வொரு எழுத்தும் சுத்திக்கிட்டே பறந்து வந்து உக்காருது. ஒரு வரி வந்து சேர்றதுக்குள்ள எனக்குக் கொட்டாவியே வந்திருச்சு. இவளோ எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, அதுல உள்ளத அப்பிடியே படிக்கிறா.

"ஏன்டி, நாங்க இங்கல்ல இருக்கோம்? லேப்டாப்பா உனக்குக் கடை தரப்போகுது?"ன்னு கேட்டேன்.

கோவப்பட்டா. ஆனாலும் மறுநாளு எழுத்துல பாதிய அழிச்சிட்டு, பறக்கிறதையும் நிப்பாட்டிட்டுப் படம் போட்டா. அங்கதாங்க வெனையே. சங்கத்து ஆளுங்களுக்குப் படம்னு கேள்விப்பட்டதும் முறுக்கு மறந்துபோச்சு. ஆளாளுக்குக் கல்யாணச் சேலையக் கட்டி, பூ வச்சு, கைய இறுக்கிக்கிட்டு நின்னு போட்டோ புடிச்சு அனுப்பிட்டாங்க. ஒருத்திய விட்டா வருசக் கணக்குல பேசமாட்டா. எல்லாரையும் ஒரே ஸ்லைட்ல அடைச்சதும் மூஞ்சியெல்லாம் கடலைப்பருப்பு அளவுக்கு வந்துபோச்சு.

"உங்க மகளுக்கு என்னைய மட்டும் கருப்பாக் காட்டணும் போல"ன்னேன் சம்பந்திக்கிட்ட.

"இருக்கிறதத்தானே காட்டும்"னாங்க சம்பந்தி. அவங்க மட்டும் பவுடர் போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க.

முறுக்கப் போட்டோ புடிச்சது அந்திக்கு, அடுப்படியில. அதப் பெருசாக் காட்டுனா. சம்பந்தி கண்ணச் சுருக்கிக்கிட்டுப் பாத்துட்டு, "நுளம்புச் சுருள எதுக்குடி போட்டிருக்க?"ன்னு கேட்டாங்க பாருங்க. கொசு வெரட்டப் பத்தவைக்கிற சுருளுன்னு பெத்த தாயே கேட்டுட்டாங்க! நான் சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு மாவுல விழப் பாத்துச்சு. மருமக மறுநாளு காலையில முத்தத்துல வாழை எலைய விரிச்சு, நல்ல வெளிச்சத்துல வேற படம் எடுத்து மாத்துனா.

அதுக்குள்ள சங்கத்து ஆளுங்க, "எம் மூஞ்சி எங்க இருக்கு, எனக்குக் காட்டு"ன்னு ஒரே கரைச்சல். இவளும் வாய அடைக்கிறதுக்காக எல்லா ஸ்லைட்டையும் படமா எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டு விட்டா. போட்டது படம் மாத்துறதுக்கு முந்தின பழைய ஸ்லைட்டுங்கள. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்த நாளு வந்துச்சு. முறுக்கு டின்ன மடியில வச்சுக்கிட்டு நானும், ஸ்லைட்டு ஏத்துன பென் டிரைவ கைக்குள்ள பொத்திக்கிட்டு அவளும் பஸ்ஸேறி, கண்டியில எறங்கி மாறி, பல்லேகலைக்குப் போனோம். பெரிய ஹோலு. முன்னால நோனா ஒருத்தங்க, பெரிய அதிகாரி, பக்கத்துல ரெண்டு துரைங்க. எங்க பேரக் கூப்புட்டாங்க. கம்ப்யூட்டர் பாக்குறவரு அந்தப் பென்னக் குத்தி, செவுத்துல படங் காட்டுற மல்ட்டிமீடியாவப் போட்டாரு. மருமக மூஞ்சி செத்துப்போச்சு.

"அத்தே, எழுத்தெல்லாம் கட்டங் கட்டமா வந்திருக்கு"ன்னு என் காதுல அழுவுறா.

நான் பாத்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. எந்த எழுத்தப் பாத்தாலும் எனக்கு எப்பவும் அப்பிடித்தானே இருக்கும்! "நல்லாத்தானே இருக்கு, பேசுடி"ன்னேன். பின்னாடிதான் தெரிஞ்சது, நம்ம எழுத்து அந்த மெஷினுல இல்லையாம். எழுத்தையும் சேத்துக் கொண்டுபோயிருக்கணுமாம். நான் முறுக்குத்தான் கொண்டுபோனேன், எழுத்தக் கொண்டுபோகச் சொல்லி யாரும் சொல்லலியே.

அவ கம்ப்யூட்டர்காரரப் பாத்து திடீர்னு, "சேர், போன்ல படமா இருக்கு, அதப் போடலாமா?"ன்னு கேட்டா. படமா எடுத்தா எழுத்து கட்டமா மாறாதாமே. எங்க ஆளுங்களோட மூஞ்சி ஆசை எப்பிடி உதவிச்சு பாருங்க! அவரு வயரப் போன்ல மாட்டுனாரு. இவ இந்தத் தடவ முதுகக் காட்டாம நேராப் பாத்து, சிங்களத்துலயும் தமிழுலயும் மழையப் பத்தியும் குடையப் பத்தியும் சொல்லிக்கிட்டே போறா. எனக்குப் பெருமை தாங்கல. அடுத்த படத்தத் தள்ளுனா.

செவுரு முழுக்க நுளம்புச் சுருளு.

நோனா கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, "இத எரிச்சா எவ்வளவு நேரம் நிக்கும்?"னு சிங்களத்துல கேட்டாங்க. கேலி இல்லைங்க, நெசமாவே கேட்டாங்க.

நான் டின்னத் தொறந்துக்கிட்டுப் போயி, "எரிக்காதீங்க நோனா, கடிங்க"ன்னு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன். கடிச்சாங்க. ஹோலு முழுக்கக் கேட்டுச்சு அந்தச் சத்தம். பக்கத்துல இருந்த துரைங்களும் கைய நீட்டுனாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்காரரு. மிச்சப் படத்த யாரு பாத்தா? சங்கத்து மூஞ்சிங்கெல்லாம் செவுத்துல பாவமா நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க.

நோனா வாயத் தொடச்சிக்கிட்டு, "எடம் தர்றோம். ஆனா போர்டுல அந்தப் படத்தப் போட்டுறாதீங்க, சனம் பத்தவச்சிரும்"னாங்க.

மொத சந்தையன்னைக்கு நல்ல மழை. மேல தகரத்துல தடதடன்னு கொட்டுது. எங்க முறுக்கு மொறுமொறுன்னு இருக்கு. வாங்க வந்தவங்க எல்லாரும் மருமகளையே பாத்துச் சிரிக்கிறாங்க. என்னடான்னு நானும் திரும்பிப் பாத்தேன். கூரைக்குக் கீழ அந்தப் பெரிய குடைய விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

"மடக்குடி அத!"ன்னேன்.

"இருக்கட்டும் அத்தே, பழக்கமாயிருச்சு"ன்னா.