ஒரு சின்ன மீனோடு எங்களுக்குச் சொந்தம்

போன சனிக்கிழமை லா ஷப்பல் மெத்ரோ நிலையத்தில் இறங்கி, கறிவேப்பிலை வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். "மீன் பிள்ளை! சுகமோ?" என்று பின்னால் ஒரு குரல். தவம் அண்ணை. தலை நரைத்துவிட்டது, குரல் அப்படியே. ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்துகிற பெண்ணை நடுத்தெருவில் இப்படிக் கூப்பிடலாமா என்பீர்கள். எனக்கென்றால் அது பட்டம் வாங்கின மாதிரி.

அந்தப் பெயர் விழுந்த காலத்தில் நாங்கள் லா கூர்னெவ் புறநகரில் இருந்தோம். அம்மாவுக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு மரக்கறிக் கடையில், தவம் அண்ணையோடு வேலை. நான் மரபணு ஆராயும் ஆய்வுக்கூடம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மாலையில் கடைக்குள் நுழைந்தால் முருங்கைக்காய் மணம், நனைந்த பெட்டிகளின் மணம், கூடவே அம்மாவின் கேள்வி: "நாள் முழுக்க உங்கை என்னதான் செய்யிறாய்?"

வெண்டிக்காய்ப் பெட்டியின் மட்டையில் அவருடைய பெயரை எழுதினேன்: யோகேஸ்வரி. அதன் கீழே, பிரெஞ்சு அடையாள அட்டையில் ஓர் எழுத்தை விழுத்தி எழுதியிருந்த யோகேவரி. விழுந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, மற்ற எழுத்துகளை நேருக்கு நேர் வைத்தால் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். ஜீன்களையும் இப்படித்தான் ஒப்பிடுகிறோம் என்றேன். தெரியாத ஒன்றைக் கொடுத்தால், உலகம் முழுக்கச் சேர்த்துவைத்த ஜீன்களுக்குள் கணினி அதன் சொந்தக்காரரைத் தேடும்.

"அப்ப ஈஸ்வரி எண்டு முடியிற எல்லாரும் எனக்குச் சொந்தமோ?"

"இல்லை அம்மா. தற்செயலா ஒத்துப்போகுதோ, உண்மையான சொந்தமோ எண்டு கணக்குப் பார்க்கிறதுதான் வேலையே."

அந்தக் குளிர்காலத்தில், காது கேளாத இரண்டு சகோதரர்களின் ஜீன் ஒன்று எங்களிடம் இருந்தது. அது உடலில் என்ன செய்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. தேடியும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் தலைவி கையை விரித்துவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளின் வரிசை காலப்போக்கில் மாறினாலும், அதனால் உண்டாகும் புரதம் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே புரத எழுத்துகளாக மாற்றித் திரும்பத் தேடினேன்.

பதில் லேசில் வரவில்லை. கோப்பி ஆறிப்போனது. வந்தபோது, உடம்பில் கோடு போட்ட ஒரு சின்ன மீனின் ஜீன்! அந்த ஜீன் பழுதான மீன்களுக்குக் காது கேளாது, நேராக நீந்தவும் வராது. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தேன். மீனிலும் மனிதரிலும் மாறாமல் இருக்கிற ஓர் எழுத்து, அந்தப் பிள்ளைகள் இருவரிலும் மாறியிருந்தது. தலைவி வந்து பார்த்தார். பிறகு "பிராவோ" என்று என் தோளைப் பிடித்தார்.

கடைக்கு ஓடினேன். அம்மா என்னைச் சொல்லி முடிக்க விடவில்லை.

"என்ரை பிள்ளை மீனிலை கண்டுபிடிச்சிட்டாள்!"

வரிசையில் நின்ற ஒருவர், "மீன் வந்திட்டுதோ? என்ன மீன்?" என்றார். தவம் அண்ணை சிரித்த சிரிப்பில் தராசிலிருந்த கத்தரிக்காய்கள் உருண்டன. அன்றைக்கு அவர் எனக்கு வைத்த பெயர்தான் 'மீன் பிள்ளை'.

பிறகு செய்த சோதனைகளிலும் அது சரியென்றே ஆயிற்று. 'ஏன் என் பிள்ளைகளுக்கு?' என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு, மருத்துவரால் பதில் சொல்ல முடிந்தது.

இப்போது என் மாணவர்களுக்கு விடை கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. மரக்கறிக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அம்மாவும் போய்விட்டார். இன்றும் நல்ல விடை வந்தால் பாராட்டுகிறார்கள், மின்னஞ்சலில், மிகவும் மரியாதையாக. கடை முழுக்கக் கேட்கக் கத்துவதற்குத்தான் ஆள் இல்லை.