கண்ணாடிக் கதவும் ஆறு கோப்பைத் தேநீரும்

இங்கிலாந்தின் பர்ன்லி நெசவாலையில் ஹில்டா என்னோடு முப்பது வருடம் நெய்தாள். தறிச் சத்தத்தில் காது எதற்கும் உதவாது. உதட்டசைவைப் பார்த்தே நாங்கள் வம்பளப்போம், கல்யாணம் பேசுவோம், சண்டையும் போடுவோம்.

அப்போது எங்கள் அரசே ஆண்ட ஹாங்காங்கிலிருந்து மலிவுத் துணி வந்து குவிந்ததும், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த இறக்குமதிக்கு வரம்பு கட்டச் சொல்லி ஆறு பெண்கள் லண்டனுக்குப் போனோம். "இப்பத்தாம்மா ஆலோசனையே நடக்குது" என்று அமைச்சர் எங்களை வெளியே உட்காரவைத்து, அதிகாரிகளோடு கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்த ஹில்டாவின் முகம், அழுகல் மீனை முகர்ந்ததுபோலக் கோணியது.

"என்னடி?" என்றேன்.

"போன வாரமே முடிவு பண்ணிட்டானுங்க. வரம்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. 'அதுகளுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பு, அதுவே பெருசு'ங்கிறான்."

அமைச்சர் இளித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உங்களுக்காகத்தான் உள்ள மல்லுக்கட்டுறேன். முதல்ல டீ குடிங்க."

ஹில்டா எங்களைப் பார்த்துக் குரலெழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். வந்த தேநீரைத் தொடாமல் மற்ற ஐவரும் எழுந்தோம்.

"இவங்க என்ன சொன்னாங்க?" அமைச்சர் விழித்தார்.

"நீங்க உள்ள சொன்னதைத்தாங்க," என்றாள் ஹில்டா, கட்டடமே கேட்கும்படி. "அதுகளுக்கு டீ வேணாமாம்."