அருவிக்குப் போனது காதுக்காக

என் வீட்டுக்காரருக்கு என்மீது இருந்த ஒரே குறை என் குரல். "நீ இங்கிருந்து பேசுனா நாமக்கல்லுல திரும்பிப் பாப்பாங்க புள்ள. எனக்கென்ன காது செவுடா?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப் போயிருந்தது.

அவர் காட்டிலாகாவில் காவல் பார்க்கும் கார்டு. வெள்ளைக்காரன் காலத்து உத்தியோகம். கொல்லிமலைக்கு மாற்றல் என்றதும் அடிவாரத்தில் எல்லோரும் மலைக்காய்ச்சலைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஆடியில் வந்தோம், மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊர்ப்பக்கம் ஒரு கூரை வீட்டில் குடியிருந்தோம். பங்குனியில் காய்ச்சல் அவரைப் பிடித்தது. கொயினா மாத்திரையை விழுங்க வைத்தேன். காய்ச்சல் போனது, கூடவே காதும் போனது.

"ங்ஙொய்யுனு இரையுது புள்ள, வேறொண்ணும் கேக்கல" என்றார். மாத்திரை கொடுத்த கம்பவுண்டர், சிலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்தார். காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் அவருக்கு ஏதோ கொஞ்சம் விளங்கும். காட்டில் கோடாலிச் சத்தம் கேட்காதவனை எந்த ரேஞ்சர் வேலையில் வைத்திருப்பார்? வேலை போனால் அவருடைய அண்ணன் வீட்டில், அண்ணன் பெண்டாட்டி கையால் போட்டதைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் அவரே சொன்னார். "அருவிக்குப் போலாம் வா. பலாமரத்து வளைவுல நின்னா எப்பவும் சத்தம் கேக்கும். கேட்டா எனக்குக் காது இருக்குது. கேக்காட்டி மூட்டையக் கட்டிக்கலாம்."

நானும் சாமைச் சோற்றைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் வந்த மலைக்காரர் ஒருவர், "இந்தக் கோடையில அங்க என்னங்க இருக்குது?" என்றார். திருவிழா இல்லாத நாளில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

பலாமரத்து வளைவில் நின்றோம். ஆடியில் அந்த இடத்தில் நானே வாயை மூடிக்கொண்டேன், அப்படி ஓர் இரைச்சல். இப்போது எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டியது, அதோடு சரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுது புள்ள" என்றார்.

"எனக்குங்கூடக் கேக்கலீங்க!" என்று அவர் காதில் கத்தினேன்.

"எனக்கோசரம் பொய் சொல்லாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு தரம் நிஜத்தைச் சொன்னால் நம்ப ஆளில்லை. கையைப் பிடித்து எழுப்பி, சரிவில் இழுத்துக்கொண்டே இறங்கினேன். சருகு வழுக்கியது, இரண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினோம்.

கீழே அருவியைக் காணோம். பாறை முழுக்கக் காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு ஈரக்கோடு, அடியில் குட்டை அளவுக்குத் தண்ணீர். அவர் குட்டையைச் சுற்றிப் போய்ப் பாறையைக் கையால் தடவிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது, ஆனால் முழுசாக வரவில்லை. அருவி வற்றியிருந்தது சரி, காது இருக்கிறதா என்பது இன்னமும் தெரியவில்லையே.

நான் இந்தக் கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். இவ்வளவு தூரம் நடந்து வந்த ஆத்திரமெல்லாம் அந்தக் காய்ந்த பாறை மேல் திரும்பியது. "எங்கடீ போய்த் தொலஞ்ச!" என்று அருவியைப் பார்த்துக் கத்தினேன்.

தண்ணீர் விழாத பள்ளம் அது. போன சத்தம் நாலு பாறையிலும் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

அவர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, எதிர்ப்பாறையை அண்ணாந்து பார்த்தார். "யாரு புள்ள அது, மேல நின்னு உன்னையாட்டவே கத்தறது?"

குட்டைக்குள்ளேயே இறங்கி, சேலை நனைய ஓடினேன். பழக்க தோஷத்தில் அவர் காதருகே போய், "நாந்தானுங்க!" என்று உயிர்போகக் கத்தினேன்.

அவர் காதைப் பொத்திக்கொண்டு விலகினார்.

"எதுக்கு இப்பிடிக் கத்தற? எனக்கென்ன காது செவுடா?" என்றார். சொன்ன வாயை மூடாமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.