குழல்வாய்மொழி வாங்கிய இரண்டு பிளாப்பிகள்

குழல்வாய்மொழி தன் டைப்ரைட்டரைக் கொடுத்துவிட்டு இரண்டு பிளாப்பித் தட்டுகளை வாங்கி வந்த அன்று, தென்காசியில் அந்தத் தெருவே சிரித்தது. இரண்டு கையாலும் தூக்க முடியாத இரும்பைக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை கனம்கூட இல்லாத ஒன்றை வாங்கி வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அவளுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. முப்பத்தாறு வயது. கணவன் நல்லக்கண்ணு பம்பாய்க்குப் போய் ஒன்பது வருஷம்; கடிதம் நின்று ஏழு வருஷம். அன்றிலிருந்து கணவனின் அண்ணன் வேல்சாமி வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அந்த வீட்டு அடுப்பும் அம்மியும் இருப்பதுபோல் அவளும் இருந்தாள். வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் வேல்சாமியிடம் கேட்க வேண்டும். அவர் தலையைத் தூக்காமல் "எதுக்கு?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடித் தேடியே அவள் வெளியே போகும் ஆசையை விட்டுவிட்டாள். மத்தியானம் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து யாருக்காவது மனு அடித்துக் கொடுப்பாள். அந்தச் சத்தம் மட்டும்தான் அவளுடையது.

1988 ஆடியில் மஸ்கட்டிலிருந்து வந்த அவள் தம்பி ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பின்னறையில் இறக்கி, "அக்கா, இது உனக்கு" என்று சொல்லிவிட்டு, லீவு முடிந்து போய்விட்டான். சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. தட்டைப் போடு என்றது. எந்தத் தட்டை? பெட்டியை வாங்கினவன் அதற்கு உயிர் கொடுக்கிற டாஸ் என்ற புரோகிராம் தட்டை வாங்க மறந்திருந்தான்.

இந்தச் செய்தி குற்றாலத்தில் கல்லூரி ஆசிரியையாக இருந்த வேதாவுக்கு எட்டியது. மலைச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தாள் வேதா. வழிகாட்டி ஒரு பத்தியைத் திருத்தினால் அத்தியாயம் முழுவதையும் குழல்வாய்மொழி மறுபடி டைப் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எங்க காலேஜ் ஆபீஸ்லயும் ஒரு கம்ப்யூட்டர் துணி போத்திக் கெடக்கு, குழல். புரோகிராம் வாங்க யாரும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறா. நீ மட்டும் ஓட்டிக் காட்டினா, என் வீட்டுப் பின்பக்க ரூம் காலியாத்தான் இருக்கு. அங்கயே தங்கி வேலை பாக்கலாம். என்னை மாதிரி இன்னும் நாலு பேர் தீசிஸ்ஸை வச்சுண்டு நிக்கறா."

தங்க ஒரு அறை. அன்று குழல்வாய்மொழி இரண்டு தடவை சாம்பாருக்கு உப்புப் போட்டாள்.

வேல்சாமி வேறு கணக்கு வைத்திருந்தார். "விஜயதசமி வரைக்கும் பாக்கேன். அன்னைக்கும் இது எழுதலன்னா பெட்டியச் சுந்தரபாண்டியபுரத்து ஆளுக்குத் தள்ளிருவேன். நீ தூத்துக்குடிக்குப் பொறப்படு. எம் மகளுக்குப் பேறுகாலம் பாக்கணும், அப்புறம் பிள்ளையப் பாக்கணும். அங்கனயே இருந்துக்கிடலாம்லா."

அங்கனயே. ஒரு அடுப்பிலிருந்து இன்னொரு அடுப்புக்கு.

கடையநல்லூரில் வளைகுடாவிலிருந்து திரும்பிய சேக் தாவூது மின்சாமான் கடை வைத்திருந்தார். வேல்சாமியின் மனைவி கோமதியம்மாள் காவலுக்குக் கூட வர, குழல்வாய்மொழி பஸ் ஏறினாள்.

"புதுசு வேணும்னா மெட்ராஸ்ல சொல்லி எடுக்கணும், தங்கச்சி. அந்த வெலைக்கு இன்னொரு பெட்டியே வாங்கிரலாம்" என்றார் சேக் தாவூது, விஷயத்தை எல்லாம் கேட்டுவிட்டு. "கள்ளக் காப்பியும் கெடைக்கும். பாதித் தீசிஸ்ல நின்னுச்சுன்னா என்னையத் திட்டக் கூடாது."

"ரெண்டும் வேண்டாம் பாய். வேற வழி இருக்கா?"

அவர் உள்ளே போய் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் டாஸ், மற்றொன்றில் எழுதுகிற புரோகிராம். "கரண்டுல எரிஞ்சுபோன ஒரு பெட்டியோட வந்தது. பழைய பதிப்பு, ஆனா ஒறிஜினல். எவனும் தொடமாட்டேங்கான். உங்க பெட்டிக்கு இது தாராளம்."

"ஏட்டி, நடுவுல ஓட்டை இருக்கே" என்றாள் கோமதியம்மாள்.

"வடையிலயும்தான் இருக்கு, நாம திங்கலயா ஆச்சி? பாட்டு கேசட்ல ஓடுத நாடா தெரியும்லா? அதையே வட்டமா வெட்டி உறைக்குள்ள போட்டிருக்கான். அம்புட்டுதான்."

அவர் மச்சான் விசா ஃபாரம் அடிக்க ஒரு டைப்ரைட்டர் தேடிக்கொண்டிருந்தார். டைப்ரைட்டருக்கு இரண்டு தட்டு என்று பேச்சு முடிந்தது. கொசுறாக ஒரு வெற்றுத் தட்டையும் கொடுத்தார் சேக் தாவூது. "போனதும் எழுதுத தட்டுக்கு இதுல ஒரு நகல் எடுத்து வச்சிருங்க. அதுதான் முதல் வேலை."

அந்த முதல் வேலையைத்தான் அவள் செய்யவில்லை. சரஸ்வதி பூஜைக்கு மூன்று நாள்தான் இருந்தது. புது வேலையை விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்துத் தொடங்கலாம் என்று நினைத்தாள். நம் வீடுகளில் யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்?

பூஜையன்று, வருஷாவருஷம் டைப்ரைட்டர் இருந்த பலகையில் தட்டுகளை வைத்தாள். டாஸ் தட்டுக்கு அதன் காகித ஒட்டுமேல் பொட்டு வைத்தாள். எழுதும் தட்டைக் கையில் எடுத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதுதானே தன்னை இந்த வீட்டிலிருந்து கூட்டிப்போகப் போகிறது? உறையிலா பொட்டு வைப்பது? கறுப்பு உறையின் நீள்வட்டத் திறப்பில் பழுப்பாக மின்னிய தட்டின் முகத்தில், கட்டைவிரல் நிறையச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் இட்டாள்.

விஜயதசமி காலையில் வேதா முதல் அத்தியாயத்துடன் வந்துவிட்டாள். வேல்சாமி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டாஸ் தட்டு கரகரவென்று ஓடித் திரையை எழுப்பியது. அடுத்ததைப் போட்டாள். சோளப்பொரியை மெல்வதுபோல் ஒரு சத்தம். தட்டைப் படிக்க முடியவில்லை என்றது திரை. நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, விட்டுவிடவா என்று இங்கிலீஷில் மூன்று கேள்வி கேட்டது.

மறுபடி என்றாள். அதே சத்தம். மறுபடி. மறுபடி. அதே மூன்று கேள்வி.

"சரி, சாமானக் கட்டு" என்றார் வேல்சாமி.

அவள் தட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். திறப்பில் சந்தனம் காய்ந்து வட்டமாக இழுத்திருந்தது. தன் கையாலேயே செய்தது. டைப்ரைட்டர் போயிற்று, தட்டும் போயிற்று. அழுதால் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க அத்தான்" என்றாள்.

நாடாவை வட்டமாக வெட்டியதுதான் என்றாரே சேக் தாவூது. நாடா துடைத்தால் பாடும். பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறி, பழுப்புத் தட்டை விளிம்பில் பிடித்து உருவினாள். கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். நீர் சிவந்தது. பழைய மல்துணியால் ஒற்றி நிழலில் காயவைத்தாள். பெட்டியின் வாய்க்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்தாள். சந்தனத் துகள் இல்லாத உறை வேண்டுமே. கொசுறாக வந்த வெற்றுத் தட்டின் உறையைக் கீறி, அதற்குள் இதைச் செருகிப் பசை போட்டு ஒட்டினாள். நகல் எடுக்க இருந்த ஒரே தட்டும் அதோடு வீண். வேதா விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு மறுபடி போட்டாள். கரகரத்தது. தயங்கியது. எழுதும் திரை விரிந்தது. குற்றாலத்து ஆற்றோரச் செடி ஒன்றின் பெயரை அவள் விரல்கள் அடித்தன. நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தாள். மற்றச் சொற்கள் தாமாக நகர்ந்து இடம் விட்டன. அவளுக்கு இந்த உலகத்தில் யாரும் அப்படி நகர்ந்து இடம் விட்டதில்லை.

வேல்சாமி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். முகம் மாறியது. "பரவாயில்லையே. டீச்சரம்மா, பேப்பரையெல்லாம் குடுத்து விடுங்க. இங்கன இருந்தே அடிப்பா. தூத்துக்குடிக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

குழல்வாய்மொழிக்குச் சுவர்கள் நெருங்கி வந்ததுபோல் இருந்தது. ஓடாவிட்டால் தூத்துக்குடி, ஓடினால் இந்தப் பின்னறை.

"பெட்டி என் தம்பி எனக்குக் குடுத்தது, அத்தான்."

"குடுத்தான். வச்சிருக்கது யாரு வீடு? இது இந்த வாசலத் தாண்டாது."

அவள் வேதாவைப் பார்த்தாள். குற்றாலத்தில் கல்லூரி ஆபீஸில் துணி போர்த்திக் கிடக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. சுவிட்சை அணைத்தாள். தட்டுகள் இரண்டையும் உருவி, வேதாவின் அத்தியாயத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பைக்குள் போட்டாள்.

"பெட்டி இங்கனயே இருக்கட்டும்" என்றாள்.

"எங்க போற?"

எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவை அந்தக் கேள்வி மாறியிருந்தது. அவள் வாசலைத் தாண்டினாள், பின்னாலேயே வேதாவும். கோமதியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், தடுக்கவில்லை. உள்ளே வேல்சாமி சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். தட்டைப் போடு என்று திரை அவரிடமும் கேட்டிருக்கும்.

குற்றாலம் பஸ்ஸில் கூட்டம். பையை மடியில் படுக்கையாக வைத்து, யார் முழங்கையும் படாமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கீறி ஒட்டிய உறை, அலசி எடுத்த தட்டு, அதற்கு ஒரு நகல்கூட இல்லை.

"போய் இறங்கினதும் முதல்ல ஒரு வெத்துத் தட்டு வாங்கணும் டீச்சர்" என்றாள். "நல்ல நேரமெல்லாம் பாக்க வேண்டாம்."